ஆன் த கார்னர்: ஆறு சிடி பெட்டிக்குள் என்ன இருக்கிறது?

கேள்வி இதுதான்: "ஜாஸ் டிரம்பெட் கலைஞர் மைல்ஸ் டேவிஸின் 'ஆன் த கார்னர்' ஆல்பத்தைப் பல முறை கேட்டிருக்கிறேன், பிடிக்கும். அதற்கு ஆறு சிடியில் ஒரு முழுத் தொகுப்பு இருக்கிறதாமே, அது வாங்கத் தகுமா? அசலில் இல்லாதது அதில் என்ன இருக்கிறது?"

தகும். ஆனால் பெட்டியின் பெயரை நம்பி வாங்கினால் ஏமாற்றமாக இருக்கும். 2007 செப்டம்பரில் கொலம்பியா-லெகசி நிறுவனம் அதை 'த கம்ப்ளீட் ஆன் த கார்னர் செஷன்ஸ்' என்று வெளியிட்டது. ஒரே ஆல்பத்துக்காக வாசித்ததையெல்லாம் திரட்டிக் கொடுத்திருக்கிறார்கள் என்றுதான் யாருக்கும் தோன்றும். அந்த ஆல்பத்துக்கு ஒலிப்பதிவு நடந்ததோ மூன்றே நாள்: 1972 ஜூன் 1, ஜூன் 6, ஜூலை 7. பெட்டியில் இருப்பது 1972 மார்ச்சிலிருந்து 1975 மே வரை மைல்ஸ் ஸ்டூடியோவுக்குள் நுழைந்து செய்தது. ஆறு மணி நேரத்துக்கு மேல், 31 பதிவுகள். அவற்றில் 12 அதுவரை வெளியே வராதவை. 5 பதிவுகள் முன்பு வெட்டிச் சுருக்கி வந்து, இங்கே முதல் முறையாக முழு நீளத்தில் கிடைக்கின்றன. மற்றவை 'ஆன் த கார்னர்', 'பிக் ஃபன்', 'கெட் அப் வித் இட்' ஆகிய ஆல்பங்களிலும் ஒரு சின்ன 45 சுழற்சித் தட்டிலும் ஏற்கெனவே வந்தவை. நீங்கள் விரும்பிக் கேட்கும் ஆல்பம் உள்ளே எங்கே இருக்கிறது தெரியுமா? கடைசி சிடியில். அதே சிடியின் முதல் பதிவான 'ரெட் சைனா ப்ளூஸ்'தான் மொத்தப் பெட்டியிலும் வயதில் மூத்தது, 1972 மார்ச்சில் பதிவானது. முதல் சிடியிலிருந்து வரிசையாகக் கேட்டுக்கொண்டே போனால் குழப்பம்தான் மிஞ்சும்.

அதனால் பெட்டிக்குள் போகும் முன் ஆல்பம் எப்படி உருவானது என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். அது தெரிந்தால்தான் கூடுதல் பதிவுகளுக்கு அர்த்தம் கிடைக்கும்.

1972-இல் மைல்ஸ் டேவிஸுக்கு 46 வயது. ஜாஸோடு ராக்கைக் கலந்த அவருடைய 'பிட்சஸ் ப்ரூ' ஆல்பம் வந்து இரண்டு ஆண்டுகள் ஆகியிருந்தன. ராக் கேட்கும் வெள்ளைக்கார இளைஞர்கள் அவரைத் தேடி வந்தார்கள், ஆனால் நியூயார்க்கின் ஹார்லெம் தெருக்களில் நிற்கும் கறுப்பின இளைஞர்களோ ஸ்லை ஸ்டோன், ஜேம்ஸ் பிரவுன் ஆகியோரின் ஃபங்க் என்ற தாளக்கட்டு மிக்க நடன இசையைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். அவர்களிடம் போய்ச் சேர வேண்டும் என்பதுதான் அவர் ஆசை. தன் சுயசரிதையில் இதை ஒளிக்காமலே சொல்கிறார். அதே சமயம் லண்டனிலிருந்து பால் பக்மாஸ்டர் என்ற செல்லோ கலைஞரை வரவழைத்துத் தன் வீட்டிலேயே தங்க வைத்தார். பக்மாஸ்டர் அதற்குள் டேவிட் போவிக்கும் எல்டன் ஜானுக்கும் இசைக்கோர்வை செய்து பெயர் வாங்கியவர். காலையில் எழுந்து பாக்கின் செல்லோ தொகுப்புகளை வாசிப்பார், மைல்ஸ் கேட்டுக்கொண்டிருப்பார். ஜெர்மன் இசையமைப்பாளர் கார்ல்ஹைன்ஸ் ஸ்டாக்ஹவுசனின் இசைத்தட்டுகளை மைல்ஸுக்கு அறிமுகப்படுத்தியவரும் அவரே.

ஆக ஒரு பக்கம் தெருமுனை ஃபங்க், மறுபக்கம் ஐரோப்பிய மின்னணு இசைச் சோதனை. இரண்டும் சேர்ந்தால் என்ன வரும் என்று காகிதத்தில் எழுதிப் பார்த்தால் எதுவும் வராது என்றே தோன்றும். வந்தது இது: மைக்கேல் ஹென்டர்சன் பேஸ் கிடாரில் நாலைந்து சுரங்கள் கொண்ட ஒரு சின்னத் துண்டைப் பிடித்துக்கொண்டு, இருபது நிமிடம் அதை விடவே மாட்டார். அவர் ஜாஸ் படித்து வந்தவர் இல்லை, ஸ்டீவி வொண்டரின் குழுவிலிருந்து மைல்ஸ் தூக்கி வந்த பையன். அதனால்தான் அந்தப் பொறுமை அவருக்கு இருந்தது. நல்ல ஜாஸ் பேஸ் கலைஞர் யாராக இருந்தாலும் மூன்றாவது நிமிடத்தில் கை அரித்து எதையாவது மாற்றியிருப்பார். அதன் மேல் ஜாக் டிஜானெட், பில்லி ஹார்ட் என்று ஒன்றுக்கு மேற்பட்ட டிரம்ஸ், காங்கா, தபலா, மூன்று கீபோர்டு வரை, எலக்ட்ரிக் கிடார், சித்தார், பாஸ் கிளாரினெட். சுருதி கிட்டத்தட்ட ஒரே இடத்தில் நிற்கும், ஜாஸில் வழக்கமாக வரும் கார்டு (சுரக் கூட்டு) மாற்றங்கள் கிடையாது. தாளம் மட்டும் உள்ளுக்குள் நகர்ந்துகொண்டே இருக்கும். மைல்ஸின் டிரம்பெட்டே இதில் குறைவு. வருகிற இடத்திலும் வா-வா பெடல் (காலால் மிதித்து ஒலியின் நிறத்தை மாற்றும் கருவி) வழியாக வருவதால், கிடாரா டிரம்பெட்டா என்று ஒரு கணம் யோசிக்க வைக்கும்.

தபலா வாசித்தவர் பாதல் ராய். கிழக்கு வங்கத்துக் கொமில்லாவில் பிறந்தவர், புள்ளியியல் படிக்க நியூயார்க் வந்தவர், பிழைப்புக்காக உணவகத்தில் வேலை பார்த்தபடி அங்கேயே தபலாவும் வாசித்தார். அங்கே சாப்பிட வந்த கிடார் கலைஞர் ஜான் மெக்லாஃப்ளின் அவரோடு சேர்ந்து வாசிக்க ஆரம்பித்து, அந்தத் தொடர்பு மைல்ஸ் வரை போனது. ஸ்டூடியோவில் மைல்ஸ் தன்னைப் பார்த்து நீயே ஆரம்பி என்றார், வேறொன்றும் சொல்லவில்லை, தெரிந்த ஒரு தாளத்தைப் பிடித்தேன் என்று ராய் பின்னாளில் பல பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். அதுவரை மைல்ஸ் என்ன மாதிரி இசைக்கலைஞர் என்பதுகூட அவருக்குச் சரியாகத் தெரியாதாம்.

மெக்லாஃப்ளினைப் பற்றி நம் வாசகர்களுக்காக ஒரு இடைச்செருகல். ஜூன் 1 அமர்வில் அந்தக் கரடுமுரடான கிடாரை வாசித்த அதே மனிதர்தான் அமெரிக்காவின் வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில் எஸ். ராமநாதனிடம் வீணை கற்றவர். சில ஆண்டுகளில் எல். சங்கர், ஜாகிர் உசேன், விக்கு விநாயக்ராம் ஆகியோரோடு 'சக்தி' குழுவைத் தொடங்கியவரும் அவரே. ஆனால் 'ஆன் த கார்னர்' ஆல்பத்தை அந்த வழியில் வந்த இந்திய-ஜாஸ் கலப்பு என்று அறிமுகப்படுத்துகிறவர்களை நான் நம்புவதில்லை. இதில் ராகமும் இல்லை, தாளக் கணக்கும் இல்லை. தபலா இங்கே இன்னொரு டிரம், சித்தார் இன்னொரு ரீங்காரம், அவ்வளவுதான். மைல்ஸ் அவற்றைத் தெருச் சத்தத்தின் பகுதியாகவே எடுத்துக்கொண்டார். அந்த அலட்சியம்தான் எனக்குப் பிடித்தது.

சாக்சஃபோன் வாசித்த டேவ் லீப்மனின் கதையையும் சொல்ல வேண்டும், பெட்டியைக் கேட்கும்போது அது உதவும். ஜூன் 1 அன்று அவர் மருத்துவரிடம் போயிருந்தார். ஸ்டூடியோவிலிருந்து ஆள் தேடுகிறார்கள் என்று அவர் அம்மா அங்கே ஃபோன் செய்து சொல்ல, காரை எடுத்துக்கொண்டு ஓடினார். போய்ச் சேர்ந்தபோது பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. மைல்ஸ் கையசைத்து வாசிக்கச் சொன்னார். மின்சார வாத்தியங்கள் எல்லாம் நேரடியாகப் பதிவு மேசைக்குப் போகிற மாதிரி இணைத்திருந்தார்கள், லீப்மனுக்கோ ஹெட்ஃபோன் இல்லை. அறையில் அவர் காதில் விழுந்தது டிரம்ஸ் சத்தம்தான். எந்தச் சுருதியில் நிற்கிறோம் என்பதே தெரியாமல் சோப்ரானோ சாக்சஃபோனை எடுத்து ஊதினார். ஆல்பத்தின் தொடக்கத்தில் வளைந்து வளைந்து வழி தேடும் அந்த சாக்சஃபோன் அதுதான். அது மிகவும் துணிச்சலான வாசிப்பு என்று பலரும் எழுதிவிட்டார்கள்.

இப்போது முக்கியமான ஆளுக்கு வருகிறேன்: தயாரிப்பாளர் டியோ மசேரோ. ஜூலியார்டில் படித்தவர், தானும் சாக்சஃபோன் வாசிக்கிறவர், இசையமைப்பாளர். மைல்ஸ் ஸ்டூடியோவில் டேப்பை ஓடவிட்டு மணிக்கணக்கில் வாசித்துவிட்டுக் கிளம்பிவிடுவார். அந்தச் சுருள்களை எடுத்து வைத்துக்கொண்டு பிளேடால் வெட்டி, ஒட்டி, சில இடங்களைத் திரும்ப வரச் செய்து, எதிரொலி சேர்த்து ஒரு பாடலாக்குவது மசேரோவின் வேலை. 'ஆன் த கார்னர்' ஆரம்பிக்கும்போது முன்னுரை எதுவும் இருக்காது. ஏற்கெனவே நடந்துகொண்டிருக்கும் ஒன்றின் கதவை யாரோ திறந்துவிட்ட மாதிரி நடுவிலிருந்து தொடங்கும். அது இசைக்கலைஞர்கள் செய்தது இல்லை, வெட்டு. இசைத்தட்டின் முதல் பக்கத்துக்கு நான்கு பாடல் பெயர்கள் போட்டிருக்கிறார்களே, அவற்றுக்கிடையே எல்லைக் கோடு எங்கே என்று தேடாதீர்கள். எல்லாம் ஒரே ஓட்டம்.

வெட்டு ஒட்டு வேலையின் உச்சம் 'பிளாக் சாட்டின்'. ஐந்து நிமிடச் சொச்சம்தான். தபலாவும் சித்தாரும் டேப்பில் முறுக்கப்பட்டு ஒலிக்கும் ஒரு துண்டு முதலில் வருகிறது, அதே துண்டு கடைசியிலும் வருகிறது. நடுவில் கைத்தட்டல், சலங்கை, சீட்டியடித்த மெட்டு. கைத்தட்டலும் மற்றவையும் ஜூலை 7 அன்று மேலே ஏற்றிப் பதிவு செய்தவை. கைத்தட்டல் தாளத்தோடு ஒட்டியும் ஒட்டாமலும் போவதைக் கவனியுங்கள். இன்று கணினியில் பாட்டு செய்கிற யாரும் அதை உடனே புரிந்துகொள்வார்கள், 1972-இல் ஜாஸ் விமர்சகர்களுக்கு அது பிடிபடவில்லை. ஜாஸ் இதழான 'டவுன் பீட்' ஆல்பத்துக்கு ஐந்துக்கு இரண்டே நட்சத்திரம் கொடுத்தது. உடன் வேலை செய்தவர்களே திருப்திப்படவில்லை: மைல்ஸ் ஆல்பங்களில் தனக்கு மிகக் குறைவாகப் பிடித்தது இதுதான் என்று பக்மாஸ்டரே பின்னாளில் சொன்னார். அட்டையில் கார்க்கி மெக்காய் வரைந்த கார்ட்டூன் மனிதர்கள் நிற்கிறார்கள், யார் எதை வாசித்தார்கள் என்ற விவரம் முதல் பதிப்பில் கிடையாது. அது மைல்ஸின் விருப்பம். கொலம்பியா அதை வழக்கமான ஜாஸ் ரசிகர்களிடமே விற்கப் பார்த்தது, அவர் யாருக்காகச் செய்தாரோ அந்த இளைஞர்களிடம் அது போகவில்லை. ஓராண்டு கழித்து, இதே ஆல்பத்தில் வாசித்த ஹெர்பி ஹான்காக்கும் பென்னி மாப்பினும் 'ஹெட் ஹண்டர்ஸ்' ஆல்பத்தைச் செய்தார்கள். ஃபங்க் அதேதான், ஆனால் மெட்டு தெளிவு, தாளம் சுத்தம். அது ஜாஸ் உலகம் அதுவரை காணாத அளவுக்கு விற்றது.

சரி, பெட்டி. முதல் சிடியில் 'ஆன் த கார்னர்', 'ஒன் அண்ட் ஒன்', 'ஹெலன் பியூட்' மூன்றின் எடிட் செய்யாத மாஸ்டர்கள் (வெட்டாத மூலப் பதிவுகள்) இருக்கின்றன. உங்கள் கேள்விக்கு நேரடிப் பதில் இவைதான். ஆல்பத்தில் ஆறு நிமிடமாக இருக்கும் 'ஒன் அண்ட் ஒன்' இங்கே ஏறக்குறைய 18 நிமிடம். இதை எப்படிக் கேட்பது என்று ஒரு யோசனை சொல்கிறேன். முதலில் ஆறாவது சிடியைப் போட்டு ஆறு நிமிடப் பதிப்பைக் கேளுங்கள், உடனே முதல் சிடிக்குப் போய் நீண்டதைக் கேளுங்கள். நீண்டதில் கலைஞர்கள் ஒருவரையொருவர் பார்த்துக் காத்திருப்பது கேட்கும். சும்மா இருக்கும் நிமிடங்கள் உண்டு, யாரோ ஒருவர் ஏதோ தொடங்கி விட்டுவிடுவதும் உண்டு. அழகான கணங்களும் இருக்கின்றன, மறுக்கவில்லை. ஆனால் ஆல்பத்தில் உங்களைப் பிடித்து இழுத்த அந்த நெரிசல் இதில் இருக்காது. அந்த நெரிசலை யார் உண்டாக்கியது என்பது அப்போது விளங்கும். என்னைக் கேட்டால் பெட்டியின் மிகப் பெரிய பயன் இதுதான்: அசல் ஆல்பத்தில் மசேரோவின் பங்கு எவ்வளவு என்பதை வேறு எந்தக் கட்டுரையும் இவ்வளவு தெளிவாகக் காட்டாது. வேடிக்கை என்னவென்றால், மைல்ஸின் எடிட் செய்யாத டேப்புகளைப் பெட்டி பெட்டியாக வெளியிட்டதில் மசேரோவுக்குக் கடும் கோபம். கழித்துப் போட்டதை எடுத்து விற்கிறார்கள் என்பது அவர் வாதம். பெட்டி வந்து ஐந்தாவது மாதம், 2008 பிப்ரவரியில், அவர் காலமானார். அவர் கோபம் நியாயமானதுதான். ஆனாலும் அவர் திறமைக்கு அந்தப் பெட்டியே சாட்சியாகிவிட்டது. ஒரு குறை: 'பிளாக் சாட்டின்' பிறந்த மூலப் பதிவு இதில் தனியாக இல்லை. நான் மிகவும் எதிர்பார்த்தது அதைத்தான்.

இரண்டாவது சிடியில் 'ரேட்டட் எக்ஸ்' ஒன்றுக்காகவே கொஞ்சம் தயாராக உட்காருங்கள். ஆர்கன் ஒரு பெரிய இருட்டுக் கொத்தாக நின்றுகொண்டே இருக்கும், கீழே தாள வாத்தியங்கள் மொத்தமாகச் சட்டென்று அறுந்து, மறுபடி சட்டென்று வரும். அந்த அறுப்பு மிக்ஸ் மேசையில் மசேரோ செய்தது. இருபது ஆண்டு கழித்து லண்டன் நடன அரங்குகளில் டிரம் அண்ட் பேஸ் என்ற பெயரில் வந்த இசையோடு இதைப் பலர் ஒப்பிட்டிருக்கிறார்கள், மிகையில்லை. அதுவரை வெளிவராத 'சீஃப்டன்' இதே சிடியில் இருக்கிறது. அது ஒத்திகை போலவே இருக்கும், ஒரு தடவை கேட்டால் போதும். மூன்றாவது சிடியும் அப்படித்தான், நல்ல தாளங்கள், முடிவுக்கு வராத யோசனைகள். 'பிக் ஃபன்/ஹாலிவூட்' பாட்டின் இரண்டு டேக்குகளையும் (தனித்தனியாக வாசித்த பதிவுகளையும்), அவற்றிலிருந்து வெட்டி 45 தட்டில் போட்ட மூன்று நிமிடத்துக்கும் குறைவான வடிவங்களையும் ஒப்பிட்டால் அதே வெட்டு வேலைப் பாடம் மறுபடி கிடைக்கும். மைல்ஸ் டேவிஸ் வானொலிக்கு மூன்று நிமிடப் பாட்டு போட முயன்றார் என்பதே பலருக்குத் தெரியாது.

நான்காவது சிடிதான் பெட்டியின் இதயம். இரண்டே பதிவுகள், ஒவ்வொன்றும் அரை மணி நேரத்துக்கு மேல். 'கலிப்சோ ஃப்ரெலிமோ' 1973 செப்டம்பரில் பதிவானது. ஃப்ரெலிமோ என்பது போர்ச்சுகல் ஆட்சியை எதிர்த்துப் போராடிய மொசாம்பிக் விடுதலை இயக்கம். வேகமாக ஆரம்பித்து, நடுவில் முழுக்க அடங்கி, மறுபடி எழும். அடங்கும் பகுதியில் ஹென்டர்சனின் பேஸ் எவ்வளவு இடம் விட்டு வாசிக்கிறது என்று பாருங்கள். அடுத்தது 'ஹி லவ்ட் ஹிம் மேட்லி'. 1974 மே 24 அன்று ஜாஸ் இசையமைப்பாளர் டியூக் எலிங்டன் இறந்தார், அடுத்த மாதமே மைல்ஸ் அவருக்கு அஞ்சலியாக இதைப் பதிவு செய்தார். 'உங்களை எனக்குப் பைத்தியமாய்ப் பிடிக்கும்' என்று எலிங்டன் மேடைதோறும் ரசிகர்களிடம் சொல்லும் வாசகத்திலிருந்து வந்தது தலைப்பு. தாளமே இல்லாத மாதிரி பல நிமிடம் போகும், கிடார்கள் தூரத்தில் அசையும், லீப்மனின் ஆல்ட்டோ புல்லாங்குழல் வரும், டிரம்பெட் எப்போது வருமோ என்று காத்திருக்க வைத்து மெதுவாக வரும். ஆங்கிலேய இசைக்கலைஞர் பிரையன் ஈனோ தன் 'ஆன் லேண்ட்' ஆல்பத்துக்கு இந்தப் பதிவு ஒரு தூண்டுதல் என்று எழுதியிருக்கிறார். இரண்டும் 'கெட் அப் வித் இட்' ஆல்பத்திலேயே இருக்கின்றன என்பதை மட்டும் நினைவில் வையுங்கள், இவற்றுக்காகப் பெட்டி வாங்க வேண்டியதில்லை.

ஐந்தாவது சிடி 1974, 1975. இதற்குள் குழுவில் பலர் மாறியிருந்தார்கள். பீட் கோசியின் கிடார் நுழைந்துவிட்டது. ரெஜி லூகாஸ் தாள கிடாரில் இருக்கிறார், சில ஆண்டுகளில் மடோனாவின் முதல் ஆல்பத்தில் பெரும்பகுதியைத் தயாரித்தவர் இவர்தான். தாள வாத்தியத்தில் முதூமே, 'ஜூசி ஃப்ரூட்' என்ற 1983 வெற்றிப் பாடலுக்குச் சொந்தக்காரர். ஜாஸ் விமர்சகர்கள் கைவிட்ட இந்தக் குழுவிலிருந்து எண்பதுகளின் கறுப்பினப் பாப் இசை கிளைத்தது என்பதைப் பலர் கவனிப்பதில்லை. கடைசிப் பதிவு 'மின்னி', 1975 மே. இவ்வளவு இருட்டுக்குப் பிறகு திடீரென்று லேசான, முணுமுணுக்கக்கூடிய ஒரு மெட்டு. அடுத்து எந்தப் பக்கம் போக நினைத்தாரோ தெரியாது, சில மாதங்களில் உடல்நலம் கெட்டு மைல்ஸ் இசையை விட்டே ஒதுங்கிவிட்டார். 1980 வரை ஸ்டூடியோ பக்கம் உருப்படியாக வரவில்லை.

வாங்குவது பற்றி: 'ஆன் த கார்னர்' தனி சிடியும் 'கெட் அப் வித் இட்' இரட்டை சிடியும் சேர்ந்து வைத்திருந்தால் பெட்டியில் இருக்கும் மிகச் சிறந்த இசையில் பெரும்பகுதி உங்கள் கையில் இருக்கிறது. இரண்டாவது உங்களிடம் இல்லையென்றால் முதலில் அதை வாங்குங்கள். பெட்டியின் மீதிப் பயன் முதல் சிடியின் மூன்று மாஸ்டர்கள், ஐந்தாவது சிடியிலுள்ள 'மின்னி', 'ஹிப்-ஸ்கிப்', பிறகு படங்களும் கட்டுரைகளும் நிறைந்த தடித்த கையேடு. டேப்பை வெட்டி ஒட்டுவதில், தாளம் எப்படிக் கட்டப்படுகிறது என்பதில் உங்களுக்கு ஆர்வம் இருந்தால் கேள்வியே வேண்டாம், வாங்கிவிடுங்கள். ஆல்பத்தை ஆல்பமாக ரசிக்கிறவர் என்றால் இணையச் சேவைகளில் முதல் சிடியை மட்டும் ஒரு முறை கேட்டுப் பார்த்துவிட்டு முடிவு செய்யலாம். கேட்கும்போது பேஸ் நன்றாக இறங்குகிற ஸ்பீக்கரிலோ ஹெட்ஃபோனிலோ கேளுங்கள். கைப்பேசி ஸ்பீக்கரில் ஹென்டர்சன் காணாமல் போய்விடுவார், அவர் இல்லாமல் இந்த இசையில் வெறும் சத்தம்தான் மிச்சம்.